இளநாகிக்குப் பைத்தியமா, பாசாங்கா?

“நான் பைத்தியமா நடிக்கணுமா, இல்ல பைத்தியம் மாதிரி நடிக்கிறவளா நடிக்கணுமா? ஒண்ணு சொல்லு மலர். ரெண்டுக்கும் நடை வேற வேற.”

சரோ மேடை விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். மடியில் பிரித்துவைத்த மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம். விரலில் ஒட்டிய மிளகாய்ச் சாறை நக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். கோவில் மண்டபத்துத் தகரக் கூரை வெயிலில் சுருங்கி விரிந்து டிக் டிக்கென்று சத்தம் போட்டது. வெளியே செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி குலுங்கிக்கொண்டு போனது.

நாடகத்தை இயக்குபவள் நான். பல்கலைக்கழகத்தில் இதே நாடகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். பதில் கையில் தயாராக இருந்தது.

“பாசாங்குதான்டி. அவ முழுத் தெளிவோட இருக்கா. எல்லாரையும் ஏமாத்துறா.”

சரோ இன்னொரு வாய் மீயை மென்றாள்.

“நீ சொல்ற மாதிரி தெளிவா இருக்கிறவ, கடைசியில தன் பேரை ஏன் சொல்ல மாட்டேங்கிறா?”

அந்தக் கேள்வியோடுதான் எங்கள் இருவருக்கும் சண்டை தொடங்கியது. இன்றுவரை அது முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்கு

மலேசியாவில் பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. தொழிலாளர் லயங்களை இடித்தார்கள். சனம் ஈப்போ அடுக்குமாடிகளுக்கும் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளுக்கும் குடிபோனது. மிச்சம் நிற்பது மாரியம்மன் கோவிலும் அதையொட்டிய மண்டபமும்தான். திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் திரும்பி வருகிறோம். அன்றைக்கு ‘இளநாகி சபதம்’ போடுவது எங்கள் வழக்கம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கப்பலில் யார் மனப்பாடத்தில் வந்து இறங்கியதோ!

செங்குன்ற நாட்டுத் தளபதி மாறன். அவன் தங்கை இளநாகி. அமைச்சன் கரிகண்டன் விருந்தில் மாறனுக்குப் பாலில் நஞ்சு கலந்து கொடுக்கிறான். அவன் கிண்ணத்தை மாற்றிவைத்ததைப் பார்த்தவள் இளநாகி ஒருத்திதான். வாயைத் திறந்தால் அவளும் பிணம். அதிலும் ஒரு சிக்கல், அமைச்சனின் மகன் நந்தனுக்குத்தான் அவளை நிச்சயம் செய்திருக்கிறார்கள். நந்தன் நல்லவன். அவளுக்கு அவன்மேல் உயிர்.

அண்ணன் உடலுக்கு முன்னால் சபதம் செய்கிறாள்: பழி தீரும்வரை என் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன். மறுநாளே தலைவிரிகோலமாக அமைச்சன் வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். “யாரம்மா நீ?” என்கிறார்கள். “நான் உலக்கை” என்கிறாள். இன்னொரு நாள் “நான் கிணறு” என்கிறாள். “அண்ணன் செத்த துக்கத்தில் பித்துப்பிடித்துவிட்டது, பாவம்” என்று வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள்.

முடிவில் அமைச்சன் உறங்கும் மாளிகைக்குத் தீ வைக்கிறாள். தகப்பனைக் காப்பாற்ற நந்தன் உள்ளே ஓடுகிறான். இருவரும் வெளியே வரவில்லை. கிழ அரசன் வந்து கேட்கிறான்: “யாரம்மா நீ?” சபதம் முடிந்துவிட்டது. இனி அவள் பெயரைச் சொல்லலாம். “என் பெயர்...” என்கிறாள். “என் பெயர்...” அவ்வளவுதான். திரை விழுகிறது.

சின்ன வயதில் அந்த இடத்தில் நான் அழுவேன். எதற்கென்று தெரியாது. பல பழிவாங்கும் கதைகளைப் படித்துவிட்டேன். கொலைகாரன் சாவதோடு அவை நிம்மதியாகிவிடும். கொலைகாரன் செத்த பிறகு மிச்சமிருப்பவளிடம் “நீ யார்?” என்று கேட்கத் துணிந்தது எங்கள் தோட்டத்து நாடகம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை நிமிரும்.

ஜோதிடர் சொன்னது

முதல் காட்சியிலேயே ஒரு ஜோதிடர் வருகிறார். தொட்டில் குழந்தையைப் பார்த்து, “இவளால் இரண்டு வீட்டு விளக்கு அணையும்” என்கிறார். இரண்டு விளக்கும் அணைந்துவிடுவதால், எல்லாம் விதி என்று சொல்லிக் கைகழுவிவிடுவோம்.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜோதிடர் சொன்னதைக் கேட்டுப் பயந்த தகப்பன் என்ன செய்கிறான்? பலமான வீட்டில் கட்டிக்கொடுத்தால் தோஷம் அடங்கும் என்று தேடிப்பிடித்து அமைச்சன் வீட்டில் பேசி முடிக்கிறான். அந்தப் பயம் இல்லாவிட்டால் அவளுக்கு அந்த வீட்டு வாசலே தெரிந்திருக்காது. விதி தானாக நடந்து வரவில்லை, பயந்தவர்கள் கைபிடித்துக் கூட்டிவந்தார்கள்.

குமாரு அண்ணனிடம் இதை விளக்கினேன். எங்கள் நாடகத்தில் அமைச்சன் வேஷம் அவருக்குத்தான். தெலுக் இந்தானுக்கும் ஈப்போவுக்கும் லாரி ஓட்டுகிறவர்.

“எல்லாஞ் சரிம்மா. என்னைய ஏன் தூங்கும்போது கொளுத்துறா? முழிச்சிருக்கும்போது வந்து கேட்கலாம்லா, நானே மன்னிப்பு கேட்டிருப்பேன்.”

“நீங்க கேட்கமாட்டீங்கண்ணே. நீங்க அமைச்சன்.”

“அவன் கேட்கமாட்டான், நான் கேட்பேன். எனக்கு வீட்டுல பழக்கம் இருக்கு.”

சிரித்தாலும் அது நல்ல கேள்வி. இளநாகிக்கு அதற்கு முன்பே வாய்ப்புகள் கிடைக்கின்றன. ஒருமுறை அமைச்சன் தனியாக உறங்குகிறான். பக்கத்திலேயே கத்தி. அவள் அதை எடுத்துப் பழம் நறுக்கி, அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். கோழைத்தனம் என்பார்கள் சிலர். எனக்கு அவள் குணமே அந்தக் காட்சியில்தான் தெரிகிறது. கத்தி பிடித்த கைக்கு நந்தனை நினைக்கத் தெரிந்திருக்கிறது. அவனை இழக்காமல் பழிதீர்க்க ஒரு வழி இருக்காதா என்று தேடித்தேடித்தான் நாளைக் கடத்துகிறாள். வழி இல்லை. இப்படி ஒருத்தியைப் பைத்தியம் என்று எப்படிச் சொல்வது?

சரோ மட்டும் இதை ஒத்துக்கொள்ளாமல் தலையை ஆட்டினாள். “நாளாக நாளாக வேஷம் உள்ளே இறங்கிடும் மலர். தினமும் ‘நான் உலக்கை, நான் கிணறு’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? கடைசியில பேரைத் தேடுறா. கிடைக்கல.”

தஞ்சோங் ரம்புத்தான்

பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஊர்ப்பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். மனநல மருத்துவமனை இருக்கும் ஊர். அதனால் பள்ளிப் பேருந்தில் யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால், “தஞ்சோங் ரம்புத்தான் பஸ் வந்துருச்சு, ஏறிக்கோ” என்போம். ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருந்தோம்.

சரோவின் அம்மா பாக்கியம் அத்தை அந்த மருத்துவமனையில் இருந்து வந்தவர்.

நாங்கள் ஆரம்பப்பள்ளியில் படிக்கும்போது அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தோட்டச் சாலையில் கைலியை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். யாரோ கூப்பிட்டதுபோல் நடுவில் நின்றுவிடுவார். பிறகு சிகிச்சை, மாத்திரை. இப்போது நன்றாக இருக்கிறார். ஈப்போவில் ஒரு சலவைக் கடையில் ஹோட்டல் துண்டுகளை அடுக்கும் வேலை. சரோ ஒரு கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறாள். அம்மாவும் மகளும் சேர்ந்தால் வாய் ஓயாது.

ஆனாலும் திருவிழாவில் அத்தை செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அவருக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கை நீட்டி எட்டத்தில் இருந்தே கொடுப்பார்கள். சரோ நன்றாகச் சிரித்தால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கிறாள் என்பார்கள். கோபப்பட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். “அம்மாவுக்கு வந்தது மகளுக்கு வராமலா போகும்” என்று கிணற்றடியில் பேசியதை அடுக்குமாடி மின்தூக்கி வரை கொண்டுவந்திருந்தார்கள்.

ஒத்திகையில் ஒருநாள் காவலாளி வேஷக்காரர், பழக்கதோஷத்தில், அந்தப் பஸ் பேச்சைச் சொல்லிவிட்டார். எல்லாரும் சரோவைப் பார்த்தோம்.

சரோ திரும்பினாள். “டிக்கெட் எடுத்துட்டீங்களாண்ணே? ஜன்னலோரம் எனக்கு.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

தலைவர் வீட்டு வாசல்

திருவிழா நெருங்கியபோது கோவில் தலைவர் கோவிந்தன் மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். பாலில்லாத கோப்பி ஓ வந்தது. கோப்பி வந்தாலே விஷயம் கனம் என்று அர்த்தம்.

“நல்ல பிள்ளைதான்மா சரோ. இல்லேன்னு சொல்லல. அந்த வேஷம் மட்டும் வேணாம்லா. வேற யாரையாச்சும் போடு.”

“ஏன் மாமா?”

“உனக்குத் தெரியாதா? கூட்டத்துக்கு முன்னால முடியை விரிச்சுப்போட்டு நிக்கும். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அதுக்கும் நாளைக்கு ஒரு வாழ்க்கை அமையணும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. சரோ இல்லாமல் நாடகம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவந்தேன். படித்த பெண்ணின் திமிர் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரோவிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் நகத்தைக் கடித்தாள்.

“பயமா இருக்குடி. மேடையில வசனம் மறந்து ஒரு நிமிசம் முழிச்சாக்கூடப் போதும். ‘பார்த்தியா, ஆரம்பிச்சிருச்சு’ன்னு சொல்லிருவாங்க. அப்புறம் காலத்துக்கும் அதுதான்.”

“அப்ப வேணாமா?”

“வேணாம்னா மட்டும் சொல்லாம இருப்பாங்களா? நான் நடிக்கிறேன். ஆனா நீ சொல்லிக் குடுத்த சிரிப்பு வேணாம். தலையைச் சுத்துறதும் வேணாம். நான் வீட்டுல வேற மாதிரி பழகிட்டு இருக்கேன்.”

பட்டப்பகலில்

முன்பெல்லாம் இந்த நாடகம் விடிய விடிய நடக்குமாம். இப்போது மறுநாள் எல்லாருக்கும் வேலை. அன்னதானம் முடிந்து, இலை எடுத்து, தரையைக் கழுவிவிட்டால் உடனே நாடகம். நல்ல வெயில் நேரம். இருட்டும் இல்லை, விளக்கும் இல்லை. நடிக்கிறவருக்குப் பார்க்கிறவர் முகம் தெரியும். ரசம் வாடை போகாத மண்டபத்தில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு முன்னால் பைத்தியமாக நிற்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

மேடை ஓரம் உறுமி மேளப் பையன்கள். தேருக்கு வாசித்துவிட்டு, நாடகத்துக்கும் இருந்தார்கள்.

சரோ முடியை அவிழ்த்துவிட்டு வந்தாள். சத்தம் போடவில்லை. அமைச்சன் கொடியில் போட்டிருந்த மேல்துண்டை எடுத்தாள், மடித்தாள். திருப்தி வராமல் பிரித்து மறுபடி மடித்தாள். “நான் உலக்கை” என்று அக்கறையாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் சொன்னாள். பேச்சுக்கு நடுவில் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை. அவள் பார்த்த பார்வையில், யாரோ இருக்கிறார்கள் என்று எனக்கே தோன்றியது.

நான் பார்த்த அத்தனை இளநாகிகளும் பைத்தியத்தைக் காட்டினார்கள். அதற்குள் குடியிருப்பது எப்படி என்று காட்டியவள் இவள் ஒருத்திதான். என் கட்டுரை முழுவதையும் அந்த ஒரு துண்டு மடிப்புக்கு ஈடாகக் கொடுத்திருப்பேன்.

அப்போதுதான் உறுமி முழங்கியது.

யாரும்மா வந்திருக்கிறது?

பையன்கள்மேல் தப்பில்லை. முடியை விரித்துக்கொண்டு ஒரு பெண் நின்றால் அந்த அடி அடிப்பது அவர்கள் கை பழகிய வழக்கம். அம்மனை அழைக்கும் அடி. எங்கள் கோவிலில் யாருக்காவது சாமி வந்தால் உடனே ஒருவர் எதிரில் போய் நின்று கேட்க வேண்டும்: யார் வந்திருக்கிறது? என்ன வேண்டும்? அந்தப் பொறுப்பு ராசம்மாக்காவுடையது. திருவிழாவில் அவர் இடுப்பில் வேப்பிலை எப்போதும் தயாராக இருக்கும்.

“ஆத்தா வந்துட்டாடி!” என்று யாரோ கத்தினார்கள்.

ராசம்மாக்கா கற்பூரத் தட்டோடு மேடை ஏறிவிட்டார். முன்வரிசைப் பெண்கள் எழுந்து கைகூப்பினார்கள். ஒருத்தி இருந்த இடத்திலேயே அசையத் தொடங்கினாள். கோவிந்தன் மாமா தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

அன்றைக்குச் சாலையில் ஒருத்தி துணியை மடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது குழந்தைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திய அதே சனம்.

“யாரும்மா வந்திருக்கிறது? சொல்லு தாயி. எந்த ஆத்தா?”

நான் மேடை மறைவில் நின்று மேளத்தை நிறுத்தக் கை காட்டிக்கொண்டிருந்தேன். மேளம் நின்றது. சரோவின் முகம் எனக்குத் தெரிந்தது. வேஷத்தில் இல்லை, வெளியேயும் இல்லை. கழுத்தில் வியர்வை ஓடியது.

அவள் ஒரு சொல் சொன்னால் போதும். ‘மாரி’ என்று சொல்லியிருந்தால் அவ்வளவு பேரும் காலில் விழுந்திருப்பார்கள். அதற்குப்பின் இந்த ஜென்மத்தில் யாரும் அவளைப் பைத்தியம் என்றிருக்க மாட்டார்கள். அவள் அம்மாவுக்குத் தட்டை எட்டத்தில் இருந்து நீட்டவும் துணிந்திருக்க மாட்டார்கள். எதுவும் சொல்லாமல் விழித்துக்கொண்டு நின்றால், அவள் பயந்தது நடந்துவிடும்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடு என்று என் மனம் கெஞ்சியது. உண்மையாகவே கெஞ்சியது.

சரோ கையில் இருந்த துண்டைக் கொடியில் போட்டாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“யாரும் வரலக்கா. நான் சரோ. பாக்கியம் மக.” குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிதானப்பட்டது. “பைத்தியமா நடிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் முடியல. போய் உட்காருங்க.”

ராசம்மாக்கா தட்டோடு அவளை உற்றுப் பார்த்தார். “நடிப்பாடி? நெசமாவா?”

“நெசமா நடிப்பு.”

“அடிப்பாவி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு.”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. கட்டிலில் தூங்குவதாகப் படுத்திருந்த குமாரு அண்ணன் தலையைத் தூக்கி, அமைச்சன் குரலில் முழங்கினார்: “யாரங்கே! அம்மையாரைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிடுங்கள். கற்பூரம் என் மெத்தைமேல் விழப்போகிறது!”

மண்டபம் குலுங்கியது. சிரிப்பு அடங்கும்வரை சரோ காத்திருந்தாள். பிறகு முடியை முன்னால் தள்ளினாள். துண்டை எடுத்தாள். மடித்தாள்.

அவள் உள்ளே போனதை, வெளியே வந்ததை, மறுபடி உள்ளே போனதை வெட்ட வெளிச்சத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். கதவின் சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

கடைசிக் காட்சி

தீ எரிந்து முடிந்தது. அரசன் வந்தான். “யாரம்மா நீ?”

“என் பெயர்...” என்றாள் சரோ. வாய் திறந்தபடி நின்றது. அந்த மௌனத்தை அவள் எங்கள் ஒத்திகைகளில் இவ்வளவு நீட்டியதே இல்லை. வலது பக்கம் பார்த்தாள். நந்தன் போன தீ இருந்த பக்கம் பார்த்தாள். “என் பெயர்...”

“இளநாகி!” கூட்டத்தில் ஒரு பெண் பொறுக்கமுடியாமல் கத்தினாள். “உன் பேரு இளநாகி தாயி!”

இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பெயரைத் தொலைத்தவளுக்கு அதை எடுத்துக் கொடுக்கத் தவித்தார்கள். சரோ அவர்கள் பக்கம் மெல்லத் திரும்பி, யாரோ வேறொருத்தியைக் கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் பார்த்தாள். நான் திரையை இழுத்தேன்.

என் கட்சி மாறவில்லை. இளநாகி பாசாங்குக்காரிதான், பெயர் தெரிந்தும் வாய்திறக்காதவள்தான் என்று இப்போதும் வாதாடுவேன். ஆனால் சரோ காட்டிய இளநாகிக்கு முன்னால் அந்த வாதம் எடுபடாது. ஒரு நல்ல நாடகம் இரண்டு பேருக்கும் இடம் வைத்திருக்கிறது. அதுதான் அதன் பெருமை.

திரைக்குப் பின்னால் ஒரே நெரிசல். ராசம்மாக்கா சரோவின் நெற்றியில் குங்குமத்தை அப்பினார், சாமியோ நடிப்போ எதற்கும் இருக்கட்டும் என்று. கோவிந்தன் மாமா கூட்டத்தை விலக்கிவிட்டு, செருப்புப் பக்கம் இருந்து வந்துகொண்டிருந்த பாக்கியம் அத்தைக்கு வழிவிட்டார்.

“ஏன் பாக்கியம்,” என்றார் ராசம்மாக்கா, “உன் மக எங்கடி இதெல்லாம் கத்துக்கிட்டா? அசல் பைத்தியம் தோத்துச்சு போ!” சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

சுற்றி நின்றவர்கள் அத்தையைப் பார்த்தார்கள்.

“நாந்தான் சொல்லிக் குடுத்தேன்,” என்றார் அத்தை, எல்லாருக்கும் கேட்கும்படி. சேலைத் தலைப்பால் மகளின் கழுத்தைத் துடைத்தார். “துண்டு மடிச்சது நல்லா இருந்துச்சு சரோ. தலையைத் திருப்பினதுதான் கொஞ்சம் வேகம். அவ்ளோ வேகமா திரும்ப மாட்டோம். பார்க்கப் பயமா இருக்கும்லா.”

“சரிம்மா,” என்றாள் சரோ. “அடுத்த வருசம் மெதுவா திரும்புறேன்.”